குமுளி ஏலக்காய் அலுவலகத்தில் ஆர்ம் மடிக்கணினிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஆயினும் குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம் வட்டாரத்துச் சிறு அலுவலகங்களில் அந்தத் தேதி வாசலுக்கு வந்த பிறகுதான் பேச்சே எழுந்தது. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அலுவலகம், குமுளியில் இயங்கும் ஓர் ஏலக்காய் வணிக நிறுவனத்துடையது. தோட்டங்களிலிருந்து வரும் காயை எடைபோட்டு வாங்குவதும், தரம் பிரிப்பதும், புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் மின்னணு ஏலங்களில் கலந்துகொள்வதும், சரக்கை வெளிமாநிலங்களுக்கு லாரி ஏற்றுவதும் அதன் தொழில். பணியாளர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து காலையில் மலையேறி வந்து மாலையில் இறங்கிப் போகும் தமிழர்கள். கணக்கும் கடிதமும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் நடக்கும். அந்த அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில், புதிய கணினிகள் வாங்கும் முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை ஆரம்பம் முதல் உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

அங்கிருந்த மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை இன்டெல்லின் ஆறாம் தலைமுறைச் சில்லுகளில் ஓடுபவை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் வேண்டும். ஆகவே வேலை செய்துகொண்டிருந்த, பழுதேதும் இல்லாத கணினிகளை மாற்றியாக வேண்டிய நிலை உருவானது. விலைப்பட்டியல் வந்தபோது அதில் ஒரே உற்பத்தியாளரின் இரண்டு மடிக்கணினிகள் அருகருகே இருந்தன. தோற்றத்திலும் விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றில் இன்டெல் சில்லு. மற்றொன்றில் ஆர்ம் வகையைச் சேர்ந்த குவால்காமின் ஸ்னாப்டிராகன். இரண்டாவதற்கு மின்கலம் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும் என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே விண்டோஸ். கரண்டு போனாலும் சாயங்காலம் வரைக்கும் நிக்கும்னா இதையே எல்லாருக்கும் வாங்கிட வேண்டியதுதானே, தம்பி?" என்று உரிமையாளர் கேட்டார். இடுக்கி மலையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது வழக்கமான செய்தி என்பதால், அவருடைய கேள்வியில் பிழை சொல்ல இடமில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் குமுளியில் இல்லை; கணினி உற்பத்தியாளர்கள் ஒரு புதிய செயலிக் கட்டமைப்பை எப்படி ஏற்கிறார்கள், எந்த அளவுக்கு ஏற்காமல் விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

இரண்டு இனம், ஒரே பெயர்ப்பலகை

இன்டெல், ஏஎம்டி சில்லுகள் எக்ஸ்86 என்ற கட்டளைத் தொகுதியை, அதாவது சில்லு நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுப்பைப் பேசுகின்றன. 1978-இல் வந்த 8086-இலிருந்து தொடரும் மரபு அது. ஸ்னாப்டிராகன் பேசுவது ஆர்ம் கட்டளைத் தொகுதி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கான் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்து, 1985 ஏப்ரலில் முதல் சில்லாக உருப்பெற்றது அது. ஆர்மின் 64 பிட் கட்டமைப்பு 2011-இல் அறிவிக்கப்பட்டது. கைப்பேசிகளில் 2013-இல் ஐஃபோன் 5எஸ் மூலம் நுழைந்தது. எக்ஸ்86 கட்டளை ஒன்று 1 பைட் முதல் 15 பைட் வரை எந்த நீளத்திலும் இருக்கலாம். 64 பிட் ஆர்ம் கட்டளை ஒவ்வொன்றும் சரியாக 4 பைட். ஒன்றுக்காகத் தொகுக்கப்பட்ட நிரல் மற்றொன்றில் நேரடியாக ஓடாது.

இந்த இடைவெளியை விண்டோஸ் ஒரு மொழிபெயர்ப்பான் கொண்டு நிரப்புகிறது. 2017-இன் விண்டோஸ் 10 ஆர்ம் பதிப்பில் 32 பிட் எக்ஸ்86 நிரல்களை மட்டுமே அது மொழிபெயர்த்தது. 64 பிட் நிரல்களுக்கான வசதி விண்டோஸ் 11-இல்தான் பொதுப் பயனர்களை அடைந்தது. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில் பிரிசம் என்ற பெயரில் அது மேம்படுத்தப்பட்டது. நிரல் ஓடும்போதே கட்டளைகளைத் தொகுதி தொகுதியாக ஆர்ம் கட்டளைகளாக மாற்றி, மாற்றியதைச் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. நினைவகத்தில் எழுதப்பட்டவை எழுதிய வரிசையிலேயே செயலியின் மற்ற உட்கருக்களுக்கும் (கோர்) தெரியும் என்று எக்ஸ்86 உறுதியளிக்கிறது; ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை. அந்த உறுதியை நம்பி எழுதப்பட்ட பழைய நிரலைப் பிழையின்றி ஓட்ட, மொழிபெயர்ப்பான் கூடுதல் கட்டளைகளைச் செருக வேண்டும். அது வேகத்தைத் தின்னும். ஆப்பிள் தன் ஆர்ம் சில்லான எம்1-இலேயே எக்ஸ்86-இன் வரிசைமுறையைக் கடைப்பிடிக்கும் ஒரு நிலையை அமைத்து இந்தச் செலவைத் தவிர்த்தது. சில்லையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் வடிவமைக்கும்போது கிடைக்கும் வசதி அது.

மொழிபெயர்ப்பு எவ்வளவு திறமையாக இருந்தாலும் அது பயனர் நிரல்களுக்கு மட்டுமே உரியது. அச்சுப்பொறி, தராசு, கைரேகைக் கருவி போன்றவற்றை இயக்கும் டிரைவர்களில் இயங்குதளக் கருவுக்குள் (கெர்னல்) ஓடுபவை எக்ஸ்86-க்காக எழுதப்பட்டிருந்தால், ஆர்ம் கணினியில் அவை ஓடவே மாட்டா. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் அந்த இடத்தில் மொழிபெயர்ப்பானை நுழைக்க வழியில்லை. டிரைவரை எழுதியவரே ஆர்முக்காக மீண்டும் தொகுத்துத் தர வேண்டும். குமுளியின் முடிவைப் பெருமளவு தீர்மானித்தது இந்த விஷயம்தான்.

உற்பத்தியாளர்கள் எப்போது மாறுகிறார்கள்

செயலித் தலைமுறை மாற்றங்களின் வரலாற்றை, சிறந்த சில்லு வெல்கிறது என்று படிப்பவர் பலர். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. பழைய நிரல்களையும் பழைய கருவிகளையும் புதிய கட்டமைப்புக்குக் கொண்டுவரும் செலவை யார் சுமப்பது என்பதில்தான் ஒவ்வொரு மாற்றமும் முடிவாகியிருக்கிறது.

1985 அக்டோபரில் இன்டெல் தன் முதல் 32 பிட் எக்ஸ்86 சில்லான 80386-ஐ வெளியிட்டபோது, பிசி சந்தைக்கு இலக்கணம் வகுத்த ஐபிஎம் அதை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. காம்பேக் 1986 செப்டம்பரில் டெஸ்க்ப்ரோ 386-ஐக் கொண்டுவந்தது. ஐபிஎம்மின் 386 கணினி அடுத்த ஆண்டுதான் வந்தது. பெரியண்ணனுக்கு முன்பே தாவும் துணிவு காம்பேக்குக்கு வந்ததற்குக் காரணம் உண்டு: 386 பழைய 16 பிட் நிரல்களை மொழிபெயர்ப்பு ஏதுமின்றி, முன்பைவிட வேகமாக ஓட்டியது. வாங்குபவர் எதையும் இழக்கவில்லை. சுமக்க வேண்டிய செலவே இல்லாத மாற்றம் அது.

இதற்கு நேர் எதிரான கதை ஐட்டேனியம். 1994-இல் ஹெச்பியும் இன்டெல்லும் சேர்ந்து தொடங்கிய திட்டம், 2001-இல் முதல் சில்லாக வந்தது. எக்ஸ்86-ஐக் கைவிட்டு முற்றிலும் புதிய 64 பிட் கட்டமைப்பை முன்வைத்தது அது. உற்பத்தியாளர்களின் ஆதரவுக்குக் குறைவில்லை. ஹெச்பி, ஐபிஎம், டெல் எல்லாம் ஐட்டேனியம் சர்வர்களை அறிவித்தன. காம்பேக் தன்னிடமிருந்த ஆல்ஃபா செயலியையே 2001-இல் கைவிட்டு இந்தப் பக்கம் வந்தது. ஆனால் பழைய எக்ஸ்86 நிரல்கள் அதில் மந்தமாக ஓடின. 2003 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ஆப்டெரான் சில்லு, எக்ஸ்86-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 64 பிட்டுக்கு நீட்டியது. பழைய நிரல் முழு வேகத்தில் ஓட, புதிய நிரல் வந்தால் அதுவும் ஓடும். 2004-இல் இன்டெல்லே அதே நீட்சியைத் தன் சியான் சர்வர் சில்லுகளில் ஏற்க வேண்டியிருந்தது. ஐட்டேனியம் பெயரளவில் 2021 வரை உயிரோடிருந்தது. இவ்வளவுக்கும் நடுவே டெல் 2006 வரை ஏஎம்டி சில்லை வாங்காமல் இன்டெல்லோடு நின்றது. சில்லின் தகுதியைவிட வணிக உறவு எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஏஎம்டியின் 64 பிட் வெற்றியில் பெரும்பாலோர் மறந்துவிடும் ஒரு பின்கதை உண்டு. நிரல்கள் முழு வேகத்தில் ஓடியபோதும், 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர்கள்தான் வேண்டியிருந்தன. 2005-இல் வந்த எக்ஸ்பி 64 பிட் பதிப்பை மேசைகளில் கண்டவர் மிகக் குறைவு. பழைய ஸ்கேனரும் பிரிண்டரும் வேலை செய்யாத ஒரு விண்டோஸை எந்தக் கடைக்காரரும் விரும்பவில்லை. விண்டோஸ் 7 காலத்தில்தான் 64 பிட் வழக்கமானது. நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவிலும் கிளிப்பரிலும் எழுதப்பட்ட பில் போடும் நிரல்கள் 16 பிட் சூழலை நம்பியவை. 64 பிட் விண்டோஸ் அந்தச் சூழலை விட்டுவிட்டது. இந்த ஏலக்காய் அலுவலகத்திலேயே தோட்டக்காரர்களின் முன்பணக் கணக்கு ஃபாக்ஸ்ப்ரோவில் இருந்த காரணத்தால், அதற்கென்றே ஒரு 32 பிட் கணினி நெடுங்காலம் தனி மேசையில் வைக்கப்பட்டிருந்தது. ஆக, இன்று ஆர்மில் நேர்வது புதிதல்ல.

ஆர்ம் கணினிகளை விண்டோஸ் உலகம் ஏற்றுக்கொண்டது ஒரே மூச்சில் நடந்ததல்ல. 2012 அக்டோபரில் ஆர்ம் சில்லுகளுக்கான விண்டோஸ் ஆர்டி வந்தது. மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்டியோடு ஆசுஸ், டெல், லெனோவோ, சாம்சங் ஆகியவையும் கருவிகளை வெளியிட்டன. பழைய நிரல் ஒன்றுகூட அதில் ஓடாது. விற்காத சர்ஃபேஸ் ஆர்டிகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2013-இல் 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுத, மற்ற உற்பத்தியாளர்கள் ஓசையின்றி விலகிக்கொண்டார்கள். 2017 டிசம்பரில் ஹெச்பியும் ஆசுஸும் ஸ்னாப்டிராகன் 835 சில்லோடு விண்டோஸ் கணினிகளை அறிவித்தன. இம்முறை மொழிபெயர்ப்பு இருந்தது, வேகம் இல்லை.

நிலைமையை உண்மையில் புரட்டிப்போட்டது ஆப்பிள். ஆர்முக்கு மாறுவதாக 2020 ஜூனில் அறிவித்து, நவம்பரில் எம்1 மேக்குகளை விற்கத் தொடங்கி, 2023 ஜூனில் மேக் ப்ரோவோடு இன்டெல்லை முழுமையாக விட்டது. மேக் 1994-இல் பவர்பிசிக்கும் 2006-இல் இன்டெல்லுக்கும் ஏற்கனவே மாறியிருந்தது. எனவே மொழிபெயர்ப்பான் எழுதுவதும் நிரலாளர்களைத் தள்ளிக்கொண்டு போவதும் அந்நிறுவனத்துக்குப் பழகிய வேலை. அதைவிட முக்கியம், இன்டெல் மேக் இனி வராது என்று அது சொன்னதுதான். மேக்குக்குக் கருவி செய்பவர் யாராக இருந்தாலும் ஆர்ம் டிரைவர் எழுதாவிட்டால் வாடிக்கையாளரை இழப்பார்.

விண்டோஸ் பக்கத்தில் அந்தக் கட்டாயம் எப்போதும் உருவாகவில்லை. ஆப்பிளின் சில்லுகளை வடிவமைத்தவர்களில் சிலர் பிரிந்து தொடங்கிய நூவியா நிறுவனத்தை 2021-இல் குவால்காம் 140 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த அணியின் ஓரியான் உட்கருக்களைக் கொண்டு 2023 அக்டோபரில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் அறிவிக்கப்பட்டது. இந்த வாங்கலால் பழைய உரிமங்கள் செல்லாது என்று ஆர்ம் நிறுவனம் 2022-இல் வழக்குத் தொடுத்தது. 2024 டிசம்பரில் டெலவேர் ஜூரி பெருமளவு குவால்காம் பக்கமே தீர்ப்பளித்தது. 2024 ஜூன் 18 முதல் ஏசர், ஆசுஸ், டெல், ஹெச்பி, லெனோவோ, சாம்சங், மைக்ரோசாஃப்ட் ஆகிய எல்லாம் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசைச் சில்லுகளோடு மடிக்கணினிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. வேகத்தில் இம்முறை குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் இந்த உற்பத்தியாளர்களில் ஒருவர்கூட இன்டெல்லையோ ஏஎம்டியையோ விடவில்லை. லெனோவோவின் திங்க்பேட் டி14எஸ் ஆறாம் தலைமுறை, இன்டெல், ஏஎம்டி, ஸ்னாப்டிராகன் என மூன்று சில்லுகளிலும் ஒரே பெயரில் விற்கப்பட்டது. டெல் எக்ஸ்பிஎஸ் 13-க்கும் ஆர்ம் வடிவம் ஒன்று, இன்டெல் வடிவம் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 2024 ஜூனில் தன் புதிய சர்ஃபேஸ்களை ஆர்மில் வெளியிட்டுவிட்டு, 2025 பிப்ரவரியில் நிறுவன வாடிக்கையாளர்களுக்கென இன்டெல் சர்ஃபேஸ்களையும் தனியாகக் கொடுத்தது. ஆர்முக்காக மேடையேறிய நிறுவனமே அலுவலகங்களுக்கு இன்டெல்லை நீட்டியதை, விலைப்பட்டியல் பார்க்கும் எவரும் கவனிக்க வேண்டும். இன்டெல்லும் சும்மா இருக்கவில்லை. 2024 செப்டம்பரில் லூனார் லேக் சில்லுகளைக் கொண்டுவந்து மின்கல ஆயுளில் இருந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்தது. இரண்டையும் விற்பது உற்பத்தியாளருக்குக் காப்பீடு; பேரம் பேசவும் வசதி. ஆனால் எக்ஸ்86 எங்கும் போகவில்லை என்று கருவி செய்பவர்களுக்கு அதுவே சேதியாகிறது. எனவே டிரைவரைத் திரும்பத் தொகுக்கும் வேலை அவர்களுடைய பட்டியலில் கடைசிக்குப் போகிறது. மிச்சச் செலவு, கருவியை ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர் தலையில் விழுகிறது.

மேசை மேசையாகச் சோதனை

விற்பனையாளரிடம் ஒரு ஸ்னாப்டிராகன் மடிக்கணினியைச் சில நாள் சோதனைக்குக் கேட்டு வாங்கி, அலுவலகத்தின் ஒவ்வொரு மேசை வேலையையும் அதில் செய்து பார்த்தோம். வேகம் அளக்கும் நிரல்களை ஓட்டவில்லை. மேசையில் இருப்பவர் காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்கிறாரோ அதை அவரே செய்து பார்ப்பது என்று ஏற்பாடு.

கொள்முதல் மேலாளரின் வேலை உலாவி, விரிதாள், வாட்ஸாப், மின்னஞ்சல் ஆகியவற்றுக்குள் அடங்கும். ஆபிஸ் தொகுப்பு ஆர்முக்கென்றே வந்தது. குரோம் உலாவியும் 2024 முதல் ஆர்ம் வடிவில் கிடைக்கிறது. ஏல நாட்களில் புற்றடிக்கோ போடிக்கோ மடிக்கணினியைக் கொண்டுபோய், இருப்பையும் தர வாரியான விலையையும் அங்கிருந்தே பார்த்து அலுவலகத்துக்குச் சொல்லும் அவருக்கு, மின்கலத்தின் நீடிப்பு வீண் விளம்பரமாக இருக்கவில்லை. கையோடு சார்ஜர் எடுத்துப் போகும் பழக்கத்தை அவர் விட்டுவிட்டார் என்பதே போதுமான அளவீடு.

கணக்கு மேசையில் நிலைமை கலவையாக இருந்தது. கணக்கு மென்பொருள் மொழிபெயர்ப்பின் வழியே ஓடியது. முதல்முறை திறக்கச் சற்றுத் தாமதம், அதன் பிறகு கணக்கருக்கு வேறுபாடு தெரியவில்லை. ஈவே பில் இணையத்தளத்திலேயே எடுப்பது என்பதால் அதிலும் தடையில்லை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர்வுக்கு ஈவே பில் வேண்டும் என்பதாலும், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக் கிளைக்குப் போவது மாநிலம் கடந்த நகர்வு என்பதாலும், அந்த மேசையில் நாள் முழுதும் அந்த வேலை நடக்கும்.

தடை வந்தது டிஎஸ்சி (மின்னணுக் கையொப்பச் சான்றிதழ்) டோக்கனில். தனியார் நிறுவனம் என்பதால் ஜிஎஸ்டி படிவங்களையும் நிறுவன விவகார அமைச்சகத்துக்கான படிவங்களையும் இயக்குநரின் மின்னணுக் கையொப்பத்தோடு தாக்கல் செய்ய வேண்டும். கையொப்பத்துக்கான ரகசியச் சாவி, பென்டிரைவ் போன்ற அந்த டோக்கனுக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. கணினியில் உள்ள கையொப்ப நிரல், டோக்கனோடு வரும் ஒரு நூலக நிரல் வழியாக அதனிடம் வேலை வாங்கும். டோக்கனைச் செருகியதும் விண்டோஸ் அதைக் கண்டுகொண்டது. கையொப்ப நிரலில் மட்டும் சான்றிதழ் தென்படவில்லை. டோக்கனோடு வந்த தொகுப்பு எக்ஸ்86-க்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ஆர்முக்கான நிரல் ஒன்று எக்ஸ்86 நூலகத்தைத் தனக்குள் ஏற்றிக்கொள்ள முடியாது. கையொப்பச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒரே இனமாக இருந்தால்தான் அது ஓடும். மாத இறுதியில் படிவம் தாக்கல் செய்ய முடியாத கணினியைக் கணக்கர் ஏற்க மாட்டார். அவர் ஏற்க வேண்டும் என்று சொல்லவும் முடியாது.

தராசு மேசையில் நாங்கள் எதிர்பார்த்ததைவிட எளிதாக வேலை முடிந்தது. எலக்ட்ரானிக் தராசுகள் இன்னும் பழைய சீரியல் இணைப்பில்தான் எடையை அனுப்புகின்றன. யூஎஸ்பி மாற்றி ஒன்றின் வழியே அது கணினிக்கு வரும். ஏற்கனவே இருந்த மாற்றியின் சில்லுக்கு ஆர்ம் டிரைவர் கிடைக்கவில்லை. ஆர்ம் டிரைவர் வெளியிட்டிருக்கும் சில்லைக் கொண்ட வேறொரு மாற்றியை வாங்கிப் பொருத்தியதும் எடை திரையில் வந்துவிட்டது. எடை பதியும் நிரல், எழுதியவரையே இப்போது தேடிப்பிடிக்க முடியாத பழைய விஷுவல் பேசிக் நிரல். மொழிபெயர்ப்பில் அது தயக்கமின்றி ஓடியது. மிகப் பழைய நிரல் பிழைத்துக்கொள்ள, சமீபத்தில் வாங்கிய யூஎஸ்பி கம்பி தோற்றுப்போனதை அங்கிருந்தவர்கள் நம்ப மறுத்தார்கள். ஆனால் விதி அதுதான்: பயனர் நிரலுக்கு வயது தடையில்லை, கருவின் உள்ளே ஓடும் டிரைவருக்கு இனம் தடை.

லாரி ஏற்றும்போது மூன்று படிக் கார்பன் தாளில் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் உற்பத்தியாளரிடமிருந்து ஆர்ம் டிரைவர் வரவில்லை. புதிய லேசர் பிரிண்டர்கள் பல, விண்டோஸோடு வரும் பொது டிரைவரிலேயே ஓடிவிடுகின்றன. ஆனால் கார்பன் படி எடுக்க லேசரால் ஆகாது. ஓட்டுநர், கிடங்கு, அலுவலகம் மூவருக்கும் ஒரே அடியில் படி கிடைக்கும் வசதியை விட்டுவிடும்படி கிடங்குக்காரரிடம் சொல்ல யாருக்கும் மனமில்லை.

தட்டச்சு விஷயத்தில் ஒரு சிறு பிரிவினை தெரிந்தது. தமிழ்99, மலையாள இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகைகள் விண்டோஸிலேயே இருப்பதால், யூனிகோடில் அடிப்பவர்களுக்குத் தொந்தரவில்லை. பழைய எழுத்துருக்களில், தனித் தட்டச்சு நிரல்களின் துணையோடு மலையாளக் கடிதம் அடித்துவந்த எழுத்தருக்கு அந்த உறுதியைத் தர முடியவில்லை. விண்டோஸின் நடத்தையையே மாற்றியமைக்கும் உள்ளீட்டு நிரல்கள் ஆர்ம் கணினியில் சிக்கல் தரலாம் என்று மைக்ரோசாஃப்டே தன் விளக்கக் குறிப்பில் சொல்லியிருக்கிறது. அவரை யூனிகோடுக்கு மாறச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது தனிக் கதை.

இந்தச் சோதனை நடப்பதைக் கேள்விப்பட்டு, பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து, பள்ளிகளுக்குக் கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸை இந்த மடிக்கணினியில் நிறுவ முடியுமா என்று விசாரித்தார். எக்ஸ்86 கணினிகளில் ஒரே லினக்ஸ் வட்டு எல்லாக் கணினிகளிலும் எழும்பிவிடும். ஸ்னாப்டிராகன் மடிக்கணினிகளிலோ ஒவ்வொரு மாடலின் வன்பொருள் அமைப்பையும் லினக்ஸுக்குத் தனித்தனியாக விவரித்துத் தர வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் டக்ஸிடோ நிறுவனம் எக்ஸ் எலைட்டில் லினக்ஸ் மடிக்கணினி செய்யும் முயற்சியை 2025 நவம்பரில் கைவிட்டதற்கும் லினக்ஸ் ஆதரவின் போதாமைதான் காரணம். பள்ளிக்கு இப்போதைக்கு இது ஆகாது என்று சொல்லி அனுப்பினோம்.

முடிவும் அதன் பின்னும்

எல்லோருக்கும் ஒரே கணினி என்ற உரிமையாளரின் எண்ணம் கைவிடப்பட்டது. அலுவலகத்துக்கு வெளியே நடமாடுபவர்களுக்கு, அதாவது உரிமையாளர், கொள்முதல் மேலாளர், ஏல நாட்களில் போடிக் கிளைக்குப் போய் வருபவர் ஆகியோருக்கு ஸ்னாப்டிராகன் மடிக்கணினிகள் வாங்கப்பட்டன. கணக்கு மேசைக்கும் கிடங்கின் சீட்டு அடிக்கும் மேசைக்கும் இன்டெல் மேசைக் கணினிகள். தராசு மேசைக்கு ஆர்ம் போதுமென்று சோதனை காட்டியபோதும், கிடங்குத் தூசியில் மடிக்கணினியை வைப்பதில் பொருளில்லை என்று அங்கும் மேசைக் கணினியே வந்தது. எழுத்தரின் பழைய கணினி மட்டும் மைக்ரோசாஃப்டின் கட்டணப் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் ஓராண்டுக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டில் ஒரு கணினிக்கு 61 டாலர் என்று விலை வைத்து, ஆண்டுதோறும் அதை இரட்டிப்பாக்கும் திட்டம் அது என்பதால், அடுத்த ஆண்டு அதைத் தொடரும் எண்ணமில்லை.

இதில் இரண்டு கருத்துகள் எழுந்தன. இரண்டு இனக் கணினிகளை ஒரே அலுவலகத்தில் வைத்தால் பராமரிப்பு இரட்டிப்பாகும், எல்லாவற்றையும் இன்டெல்லிலேயே வாங்கியிருக்கலாம் என்றார் கணக்கர். அவர் வாதத்தில் நியாயம் உண்டு; லூனார் லேக் சில்லோடு வரும் மடிக்கணினி அவர்களுடைய மின்கலத் தேவையையும் பெரும்பாலும் தீர்த்திருக்கும். ஆனால் அந்த மடிக்கணினிகளின் விலை அப்போது எங்களுக்கு வந்த பட்டியலில் கணிசமாக மேலே இருந்தது. வெளியே போகும் மூவரின் வேலையிலும் தனிக்கருவி எதுவும் இல்லை என்பதைச் சோதனை உறுதிசெய்திருந்தது. அந்த நிலையில் குறைந்த விலைக்குக் கிடைத்த ஆர்மை வேண்டாமென்று சொல்லக் காரணம் இல்லை என்பதே என் நிலைப்பாடு.

டிஎஸ்சி டோக்கனுக்கு ஒரு மாற்று வழி ஆலோசிக்கப்பட்டது. கணக்கு மேசையின் கணினியில் டோக்கனைச் செருகியே வைத்துவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியிலிருந்து அதில் நுழைந்து கையொப்பமிடலாம். தொழில்நுட்ப அளவில் முடியும் என்றாலும், இயக்குநரின் கையொப்பச் சாவியை இரவு பகலாகக் கணினியிலேயே விட்டுவைப்பது ஒப்புக்கொள்ளத்தக்கதல்ல என்று அலுவலகத்தின் ஆடிட்டர் மறுத்தார். எனவே தாக்கல் நாட்களில் இயக்குநர் கணக்கு மேசைக்கு வந்து கையொப்பமிடுகிறார்; டோக்கன் அவரோடு திரும்பிப் போகிறது.

நிறுவனத்தின் விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. பிரிண்டரோ, தராசோ, டோக்கனோ எதை விற்க வந்தாலும், அதற்கு விண்டோஸ் ஆர்ம் 64 டிரைவர் உண்டா என்பதை எழுத்தில் தர வேண்டும் என்பது அந்த வரி. முதலில் பதில் எழுதிய கருவி விற்பனையாளர் "விண்டோஸ் 11 ஆதரவு உண்டு" என்று மட்டும் குறிப்பிட்டிருந்தார். கேட்டது அதுவல்ல என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.